இடப்பக்கக் கைப்பிடி

"முடிச்சிட்டேன்" என்று சொல்லி ரெகினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. வலது பக்கத்து உருளைக்கிழங்கும் வறுத்த இறைச்சியும் வழித்துத் துடைத்ததுபோல் காலி. இடது பக்கத்தில் பீட்ரூட் துருவல் வைத்தது வைத்தபடி கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஜெனோன், சத்தம் காட்டாமல் தட்டைத் திருப்பி வைக்கக் கையை நீட்டினான்.

"கையை எடுங்க, பான் ஜெனோன்." பின்னால் வந்து நின்ற கிங்காவின் குரல் அது. "தட்டு நகரக்கூடாது. அவங்க தலைதான் நகரணும்."

கிங்கா அந்த மறுவாழ்வு மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். போலந்து வழக்கப்படி ஆண்களைப் 'பான்', பெண்களைப் 'பானி' என்று மரியாதையோடுதான் கூப்பிடுவாள். ஒரு காலத்தில் ஹேண்ட்பால் ஆடியவள். முப்பத்து நாலு வயதிலும் அந்தத் தோள்கள் கதவை அடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

"பானி ரெகினா, பீட்ரூட் பிடிக்கலையா?"

"இன்னைக்கு பீட்ரூட்டே வைக்கலையே."

"இடது பக்கம் திரும்புங்க. இன்னும் கொஞ்சம். மூக்கு தோளுக்கு நேரா வரட்டும்."

ரெகினா திரும்பினாள். சலிப்போடுதான் திரும்பினாள். அப்புறம் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை இப்ப யாரு கொண்டுவந்து வெச்சது?" என்று கேட்டாள்.

ஜெனோன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரெகினா லுப்லின் நகரில் இருபத்து நான்கு வருடம் டிராலி பஸ் ஓட்டியவள். தலைக்கு மேலே மின்கம்பி, கீழே டயர், உள்ளே நூறு பேர் என்று நகரத்தின் எல்லாத் திருப்பங்களும் அவளுக்கு அத்துப்படி. ஜனவரியில் ஒரு காலை, பணிமனைப் படியில் பனி உறைந்து கிடந்தது. கால் வழுக்கிப் பின்னால் விழுந்தாள். தலையின் வலப்பக்கம் படியின் இரும்பு விளிம்பில் மோதி, மூளைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. மண்டையைத் திறந்துதான் அதை எடுத்தார்கள். பதினோரு நாள் கழித்துக் கண் விழித்தாள். பேச்சு இருந்தது. நினைவு இருந்தது. கோபம் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. இடது கையும் இடது காலும்தான் சொன்னபடி கேட்கவில்லை.

அதையும்விட விசித்திரமான ஒன்று இருந்தது. அவளுடைய உலகத்தில் இடது பக்கம் என்ற ஒன்றே இல்லாமல் போயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ரெகினா அதை நம்பவில்லை. எதைத் தவறவிடுகிறோம் என்று தெரிந்தால்தானே தவறவிடுவதை நம்புவதற்கு? பக்கவாட்டுக் கண்ணாடியில் சைக்கிள்காரனின் தொப்பி நிறம்வரை சொல்லக்கூடியவள் அவள். அவளிடம் போய் உனக்குப் பாதி தெரியவில்லை என்றால்?

பிப்ரவரி கடைசியில், பைன் மரங்களுக்கு நடுவே இருந்த இந்த மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுவந்தார்கள். ஜெனோன் தினமும் இரண்டு பஸ் மாறி வந்தான். ரொட்டியில் வெண்ணெய் தடவினான், இறைச்சியை நறுக்கினான், ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டான், மூக்கைக்கூடத் துடைத்துவிட்டான். வார்டிலிருந்த மற்றப் பெண்கள் கண் வைத்தார்கள். "இப்படி ஒரு புருஷன் கிடைச்சா நான் இன்னொரு தரம் விழுவேன்" என்றாள் எதிர்க்கட்டில்காரி.

கிங்காவின் வைத்தியம் வேறு மாதிரி. முதல் வாரமே தடித்த கையுறை ஒன்றைக் கொண்டுவந்து ரெகினாவின் வலது கையில், நன்றாக இருந்த கையில், மாட்டி மணிக்கட்டில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"நல்ல கையை எதுக்குக் கட்டறே?"

"அது இருக்கிற வரைக்கும் இன்னொண்ணு வேலை செய்யாது. வீட்டுல ரெண்டு பசங்க இருந்து, ஒருத்தனே எல்லா வேலையும் செஞ்சா இன்னொருத்தன் எதுக்கு எந்திரிப்பான்?"

தினமும் ஆறு மணி நேரம் அந்தக் கையுறை. இடது கையால் மேசையைத் துடைக்க வேண்டும். துணிக்கிளிப்பை எடுத்துக் கம்பியில் மாட்ட வேண்டும். கப்பைத் தள்ளவாவது வேண்டும். காலைகளில் நிற்கும் பயிற்சி. இடுப்பில் அகலமான பெல்ட்டைக் கட்டி கிங்கா பிடித்துக்கொள்வாள். "எடையை இடது கால்ல போடுங்க. அது உங்க கால்தான், வாடகைக்கு எடுத்தது இல்ல." ரெகினா போட்டதாகத்தான் நினைப்பாள். எதிரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியில் ஒரு பெண் வலது பக்கமாகச் சாய்ந்து, விழப்போகிறவள்போல் நின்றுகொண்டிருப்பாள்.

மார்ச் இரண்டாம் வாரம், மதியத்தில் கிங்கா வார்டுக்கு வந்தபோது கையுறை தலையணைக்கு அடியில் கிடந்தது. ரெகினா வலது கையால் ஜாம் வைத்துப் பொரித்த பொன்ச்கி பன்னை ருசித்துத் தின்றுகொண்டிருந்தாள். சர்க்கரைப் பொடி ஜெனோனின் மீசையிலும் ஒட்டியிருந்தது.

"யார் கழட்டினது?"

"நான்தான்" என்றான் ஜெனோன். "பாவம், சாப்பிடற நேரத்துல மட்டும்..."

"இன்னைக்கு மட்டும்தானா?"

அவன் மீசையைத் துடைத்துக்கொண்டான். கிங்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பான் ஜெனோன், ஒரு வாரம் இந்தப் பக்கமே வராதீங்க."

"என்ன பேச்சு இது! என் பொண்டாட்டியைப் பாக்க நான் வரக்கூடாதா?"

"வரலாம். அப்ப நான் வரமாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க."

அவள் போனதும் ரெகினா வாய்க்கு வந்தபடி திட்டினாள். பணிமனையில் இருபத்து நான்கு வருடம் கேட்டுப் பழகிய வசவெல்லாம் அன்றைக்குப் பயன்பட்டது. ஆனால் எல்லாம் தீர்ந்த பிறகு, ஜெனோனைப் பார்த்து, "போயிட்டு அடுத்த புதன் வா, ஜெனெக்" என்றாள். அவனால் நம்பவே முடியவில்லை. அவளுக்குமே ஏன் அப்படிச் சொன்னோம் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஸ்வெட்டரைப் போட நாற்பது நிமிடம் ஆனது. வலது கை உள்ளே போய்விட்டது, தலையும் போய்விட்டது, ஆனாலும் குளிர்கிறதே என்று உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கட்டில்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இடது தோள் வெளியிலதான் இருக்கு, அம்மணி" என்றாள். காலைச் சாப்பாடு ஆறிப்போயிற்று. அதற்கடுத்த நாள் முப்பத்தைந்து நிமிடம். மூன்றாம் நாள் கைத்தடியோடு நடந்து பழகும்போது கதவு நிலையில் இடது தோளை இடித்து நீலம் பாரித்தது. ஐந்தாம் நாள் அதே நிலை, அதே தோள்.

"இந்தக் கதவைக் குறுகலா வெச்சிருக்காங்க" என்று புகார் செய்தாள்.

கிங்கா வாதாடவில்லை. ரெகினா கைத்தடியோடு நடப்பதைத் தன் கைபேசியில் படம்பிடித்து, பெஞ்சில் உட்காரவைத்து அவள் மடியில் கொடுத்தாள். ஒரு பெண் வராந்தாவில் நடந்து வருகிறாள். முகம் முழுக்க வலது பக்கம் திரும்பியிருக்கிறது. இடது கை பக்கவாட்டில் தொங்கி ஆடுகிறது. சுவர் நெருங்க நெருங்க, சுவரே இல்லை என்பதுபோல் அதை நோக்கியே நடக்கிறாள். ஒரு முனகலோடு மோதி நிற்கிறாள்.

ரெகினா அதை நான்கு தரம் பார்த்தாள்.

"இவ என் வண்டிக்குக் குறுக்க வந்திருந்தா ஹாரன் அடிச்சே கொன்னிருப்பேன்" என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "இது எப்பவுமே இப்படியா?"

"ஜனவரியிலேருந்து."

"ஏன் யாரும் சொல்லல?"

"எல்லாரும் சொன்னோம், பானி ரெகினா."

மறுநாள் காலையில் கிங்கா வருவதற்கு முன்பே, கையுறையை வலது கையில் நுழைத்துக்கொண்டு, பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்ட முயன்றுகொண்டிருந்தாள்.

புதன்கிழமை ஜெனோன் வந்தான். சவரம் செய்து, பிறந்தநாளுக்குப் போடும் சட்டை போட்டிருந்தான். கிங்கா அவனை வாசலிலேயே நிறுத்தி நிபந்தனை சொன்னாள். எப்போதும் ரெகினாவின் இடது பக்கம்தான் நிற்க வேண்டும். பேசலாம், தொடக்கூடாது. அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்க்கும்வரை எதற்கும் பதில் சொல்லக்கூடாது.

"ஜெனெக்! எங்கே போனே?" என்று ரெகினா வலது பக்கம் தேடுவாள். இடது பக்கம் ஒரு சாண் தூரத்தில் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஒருமுறை இரண்டு நிமிடம் ஆயிற்று. கண்ணில் நீர் முட்ட, கைகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றான். அவள் ஒருவழியாகத் திரும்பி, அவன் முகத்தைக் கண்டதும், "இங்கேயா ஒளிஞ்சிருக்கே, திருடா" என்றாள். அதற்குப் பிறகு தேடும் நேரம் குறைந்துகொண்டே வந்தது.

ஏப்ரல் நடுவில் கிங்கா வீட்டைப் பற்றி விசாரித்தாள். எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா?

"நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது" என்றான் ஜெனோன். "ஆனா அதைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். தரைத்தளத்து வீட்டு பான் குபியாக் மாத்திக்கிறேன்னு சொல்லிட்டார். அவர் மேல போறார், நாங்க கீழ வர்றோம். மே கடைசியில கையெழுத்து."

ரெகினா சட்டென்று இடது பக்கம் திரும்பினாள். அவ்வளவு வேகமாக அவள் அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை.

"யாரு மாத்திக்கிறா?"

"உன் நல்லதுக்குத்தான், ரெகின்கா..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? குபியாக் வீட்டு ஜன்னல்ல என்ன தெரியும்? குப்பைத்தொட்டி. நான் முப்பது வருஷமா ஊரைப் பாத்துக்கிட்டே காப்பி குடிச்சவ. என் தலையிலதான் அடிபட்டுச்சு, என் வாயில இல்ல. கேட்டா பதில் சொல்லியிருப்பேன்!"

"உன்னை எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"தூக்கச் சொன்னேனா?"

ஜெனோனுக்கும் அன்றைக்குக் கோபம் வந்தது. எழுந்து நின்று கத்திவிட்டான். "இருபத்து நாலு வருஷம் நீ விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போனே. நான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். அன்னைக்கும் படுத்துத்தான் இருந்தேன், நீ அங்க பனியில கிடந்தப்போ. ஒரு நாளாவது எந்திரிச்சு டீ போட்டுக் கொடுத்திருப்பேனா? இப்பவாவது ஏதாவது செய்யலாம்னா, தொடாதே, நறுக்காதே, பேசாதே! அப்ப நான் எதுக்குத்தான் இருக்கேன்?"

பயிற்சி அறையில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ரெகினா கையுறை மாட்டிய வலது கையைத் தூக்கி, மூட்டை மாதிரி இருந்த அதை அவன் மார்பில் வைத்தாள்.

"படியில எனக்குப் பின்னாடி வா" என்றாள். "விழுந்தா பிடி. விழாத வரைக்கும் சும்மா வா. அதுக்கு வேற யாரை நான் நம்புவேன்?"

கிங்கா தொண்டையைச் செருமினாள். "மொத்தம் எத்தனை படி?"

"எழுபத்து ரெண்டு" என்றான் ஜெனோன், மூக்கை உறிஞ்சியபடி.

"கைப்பிடி எந்தப் பக்கம்?"

ஜெனோன் கண்ணை மூடி மனசுக்குள்ளேயே ஏறிப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "ஏறும்போது இடது பக்கம். வலது பக்கம் வெறும் சுவர்."

கிங்கா ரெகினாவின் இடது கையை எடுத்து, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். "சரி. மே கடைசின்னா ஆறு வாரம். இந்தக் கையை வெச்சுத்தான் ஏறணும்."

பிடிப்பது சீக்கிரம் வந்துவிட்டது. விடுவதுதான் வரவில்லை. மூளையில் அடிபட்ட கைக்கு இறுக்கம் அதிகம். ஒன்றைப் பற்றினால் விரல்கள் பூட்டிக்கொள்ளும். கைப்பிடியைப் பற்ற வேண்டும், நல்ல காலை மேலே வைக்க வேண்டும், இடது காலை இழுத்துச் சேர்க்க வேண்டும், பிறகு விரலைத் திறந்து, கையை மேலே நகர்த்தி, மறுபடி பற்ற வேண்டும். எழுபத்திரண்டு தரம் திறக்க வேண்டிய பூட்டு அது. கிங்கா பயிற்சிப் படியின் கைப்பிடி நெடுக ஒரு சாண் இடைவெளியில் சிவப்பு ஒட்டுநாடா சுற்றினாள். "அடுத்த சிவப்பைக் கண்ணால பிடிங்க. அப்புறம் கை தானா வரும்."

கை தானாக வரவில்லை. முதல் நாள் மூன்று படி. விரல்களை வலது கையால் பிரிக்கப் போனால் கிங்கா "ம்ஹும்" என்பாள். ரெகினா வியர்த்து, சபித்து, விரல்களோடு சத்தமாகப் பேசினாள். "விடு. விடுடா. உன்னைத்தான்." ஒரு வாரம் கழித்துக் கட்டைவிரல் முதலில் கேட்டது. ஒன்பதாம் படியில் ஒருநாள் இடது முழங்கால் மடங்கிற்று. பெல்ட்டைப் பிடித்து கிங்கா தாங்கினாள், ஆனால் கைப்பிடியில் மாட்டிக்கொண்ட தோள் சுளுக்கி, நான்கு நாள் வீணானது. டாக்டர் வந்து பார்த்து, கீழ் வீடு அப்படியொன்றும் மோசமில்லை என்றார். "ஐந்தாம் நாள் எத்தனை மணிக்கு?" என்று கிங்காவிடம் கேட்டாள் ரெகினா. டாக்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அவர் வலது பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

மே இருபத்து ஆறாம் தேதி, மருத்துவமனை வண்டியில் மூவரும் அந்தக் குடியிருப்புக்கு வந்தார்கள். கணுக்காலில் பிளாஸ்டிக் பட்டை, இடுப்பில் பெல்ட். முந்தின நாளே ஜெனோன் நான்கு மாடிக்கும் சிவப்பு நாடா சுற்றி வைத்திருந்தான். பான் குபியாக் செருப்போடு வாசலில் வந்து நின்றார். தினசரியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, "நான் சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சிட்டேன்" என்றார்.

"கட்டினதை அவிழ்க்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன்" என்றாள் ரெகினா.

முதல் மாடி ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. இரண்டாம் மாடியில் ஜெனோன் முன்கூட்டியே கொண்டுவைத்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. பற்று, வலது கால், இடது கால், விடு, நகர்த்து. கிங்கா பக்கவாட்டில் வந்தாள், ஜெனோன் இரண்டு படி கீழே, இரு கைகளையும் விரித்தபடி.

மூன்றாம் மாடிக்கு ஆறு படி இருக்கும்போது இடது கை கைப்பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. ரெகினாவுக்கு அது தெரியவில்லை. களைப்பில் மூளை பழையபடி இடது பக்கத்தை மறந்துவிட்டிருந்தது. அவள் வலது காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தாள். ஜெனோன் வாயைத் திறந்தான். கிங்கா அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அவள் கை பெல்ட்டை இன்னும் கெட்டியாகப் பற்றியது. ஜெனோன் வாயை மூடிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதையும் செய்ததில்லை என்று பிறகு ரெகினாவிடம் சொன்னான்.

ரெகினாவின் உடம்பு லேசாக ஆடியது. வலது பக்கச் சுவர் கிட்டே வருவதுபோல் இருந்தது. ஏதோ சரியில்லை. எது என்று தெரியவில்லை. வைத்த காலைப் பழைய படிக்கே இறக்கி நின்றாள்.

"நில்லுங்க. யாரும் பேசாதீங்க" என்றாள். அப்புறம் தனக்குத்தானே, "கை எங்கே?" என்று கேட்டுக்கொண்டாள்.

மெதுவாகத் தலையை இடது பக்கம் திருப்பினாள். சிவப்பு நாடா கண்ணில் பட்டது. அதில் கை இல்லை. இன்னும் கீழே பார்த்தாள். ஸ்வெட்டர் விளிம்புக்குப் பக்கத்தில், வெளுத்த விரல்களோடு அது தொங்கிக்கொண்டிருந்தது.

"அங்கேயா இருக்கே" என்றாள். தோளை உயர்த்தினாள். கை எழுந்தது, கைப்பிடியில் இடித்து விழுந்தது, மறுபடி எழுந்தது. விரல்கள் திறந்து, சிவப்பின் மேல் மூடிக்கொண்டன.

"போலாம்."

மொத்தம் ஐம்பத்தொரு நிமிடம். நான்காம் மாடி நடையில் நின்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து பான் குபியாக்கின் குரல் மாடிவளைவில் ஏறி வந்தது.

"என்ன ஆச்சு? மாத்தறோமா, இல்லையா?"

ரெகினா கைப்பிடிக்கு மேலே குனிந்தாள். "இல்ல! நீங்க அவிழ்க்கலாம்!"

கிங்கா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. ஜெனோன் சாவியைத் தேடிக்கொண்டே அழுதான், அழுதுகொண்டே சிரித்தான், தப்பான சாவியைப் பூட்டில் விட்டுத் திருகினான்.

எல்லாம் அவள் நினைத்தபடி நடந்துவிடவில்லை. செப்டம்பரில் ஓட்டுநர் உரிமத்துக்கான பரிசோதனைக்குப் போனாள். இடது பக்கத்தில் மின்னி அணைந்த பதினான்கு விளக்குகளில் மூன்றைக் கவனிக்காமல் தவறவிட்டாள். வீட்டில் அது ஒன்றுமே இல்லை, நூறு பேர் ஏறிய வண்டியில் அது மூன்று உயிர். டாக்டர் சொல்வதற்கு முன்பு அவளே அதைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜெனோன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து தினசரியைச் சத்தமாகப் படித்தான். உள்ளே வரவில்லை.

மூன்றாம் நாள் அவள் பணிமனைக்கே நேரில் போய், மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டுப்பாட்டு அறையில் ஆள் குறைவு என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். அவர் யோசிக்கலாம் என்றார். யோசியுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள்.

அக்டோபரிலிருந்து வாரத்தில் மூன்று நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, வயர்லெஸ் முன்னால் உட்காருகிறாள். செவ்வாயும் வெள்ளியும் மதியம் கிங்காவிடம் பயிற்சி. இடது கை இன்னும் பாதிதான். ஜாடி மூடியைப் பிடித்துக்கொள்ளும், திறக்காது. ஜாடியைத் திறக்கும் மாதம் எது என்று கிங்காவும் அவளும் சண்டை போடுகிறார்கள். ரெகினா மார்ச் என்கிறாள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. வயர்லெஸ்ஸில் ஒரு புது ஓட்டுநரின் குரல் பதறியது. சந்திப்புக்கு நடுவில் வண்டிக் கூரையின் கம்பங்கள் மின்கம்பியிலிருந்து கழன்றுவிட்டனவாம், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்களாம்.

"அடிக்கட்டும், அவங்க கைதானே வலிக்கும்" என்றாள் ரெகினா. "மொதல்ல ஹேண்ட் பிரேக்கைப் போடு. போட்டியா? கையுறையை மாட்டு. இப்ப இறங்கிப் பின்னாடி போய், கயித்தைப் பிடிச்சு ஒண்ணொண்ணா கம்பியில ஏத்து. அவசரப்படாதே, நான் லைன்லதான் இருக்கேன்."

ஒரு நிமிடம் வெறும் மழைச் சத்தம் கேட்டது. அப்புறம், "ஏறிடுச்சு, பானி ரெகினா" என்றது குரல்.

"நல்லது. கிளம்பு. நாலு நிமிஷம் லேட்டு, அடுத்த ரெண்டு ஸ்டாப்புல சரி பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியின் எண்ணைக் கூப்பிட்டாள்.